விசா இல்லாமல் தாய்லாந்து போனால் எத்தனை நாள் தங்கலாம்? அங்கேயே நாளை நீட்டிக்க முடியுமா?

தண்டையார்பேட்டையிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார். அவர், வீட்டுக்காரர், பத்து வயது மகள், கொழுந்தன் என நாலு பேர் பாங்காக்கும் பட்டாயாவும் போகத் திட்டம். மண்ணடியில் டிக்கெட் போட்டுக் கொடுப்பவர், "விசாவே தேவையில்ல, 60 நாள் இருக்கலாம். பத்தலைன்னா அங்கேயே 30 நாள் கூட்டிக் குடுப்பாங்க. அதுக்கு மேல வேணும்னா பார்டர் தாண்டிட்டு திரும்பி வந்தா புது ஸ்டாம்ப்" என்று சொல்லியிருக்கிறார். மூன்று பேர் எட்டு நாளில் திரும்பிவிடுவார்கள். கொழுந்தன் ஐ.டி.ஐ. முடித்தவர், அங்கேயே தங்கி வேலை தேடிக்கொள்ளலாம் என்று வீட்டில் ஒரு யோசனை ஓடுகிறது. இதில் எது சரி என்பதுதான் கேள்வி. மலேசியாவிலிருந்து பெரியம்மா மகன் வந்து தங்கினால் தாங்கள் ஏதாவது செய்ய வேண்டுமா என்றும் கடைசியில் கேட்டிருக்கிறார்.

அக்கா, நான் மண்ணடியிலும் பீச் ஸ்டேஷன் பக்கமும் பல வருஷம் டிக்கெட் வேலை பார்த்தவன். உங்கள் ஏஜென்ட் சொன்ன முதல் இரண்டு விஷயத்திலும் உண்மை இருக்கிறது, ஆனால் முழுசாக இல்லை. மூன்றாவது ஆபத்தான பேச்சு. கொழுந்தன் விஷயம் இந்தச் சலுகைக்குள்ளேயே வராது, அது தனிச் சட்டம். ஒவ்வொன்றாகச் சொல்கிறேன். பொறுமையாகப் படியுங்கள், வீட்டில் அவரையும் படிக்கச் சொல்லுங்கள்.

முதலில் இந்த 60 நாள் எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். முன்பெல்லாம் நாம் பாங்காக் ஏர்போர்ட்டில் இறங்கி வரிசையில் நின்று, 2,000 பாட் கட்டி, 15 நாள் விசா வாங்குவோம். 2023 நவம்பர் 10 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதி என்று அறிவித்தார்கள். அது ஆறு மாதத்துக்கான தற்காலிகச் சலுகை. முடிகிற நேரத்தில் நீட்டித்தார்கள். பிறகு 2024 ஜூலை 15 அன்று 93 நாடுகளுக்கு 60 நாள் என்று விரித்தார்கள், அந்தப் பட்டியலில் இந்தியாவும் இருந்தது. ஒரு வருஷம் முடிவதற்குள் 15, 30, 60 என்று மூன்று கணக்கு மாறிவிட்டது. 60 நாள் ரொம்ப அதிகம், சுற்றுலா என்று வந்து சட்டத்துக்குப் புறம்பாகத் தொழில் செய்கிறார்கள், 30ஆகக் குறைக்க வேண்டும் என்ற பேச்சு 2025லேயே அந்த அரசுக்குள் எழுந்தது. அதனால் போன வருஷம் போய் வந்த பக்கத்து வீட்டுக்காரர் சொல்வதையும், வாட்ஸ்அப்பில் சுற்றும் படத்தையும் வைத்துக் கணக்குப் போடாதீர்கள். டிக்கெட் எடுக்கும் நாளன்று தாய்லாந்துத் தூதரகத்தின் தளத்தில் இருப்பதைப் பாருங்கள். சென்னையிலேயே அவர்களுடைய துணைத் தூதரகம் இருக்கிறது.

அதைவிட முக்கியம், அங்கே கவுன்டரில் அதிகாரி உங்கள் பாஸ்போர்ட்டில் குத்தும் முத்திரை. எந்தத் தேதி வரை இருக்கலாம் என்று அதில் தெளிவாக இருக்கும். செய்தியில் 60 என்று வந்திருக்கலாம், ஏஜென்ட் 60 என்று சொல்லியிருக்கலாம். உங்களைக் கட்டுப்படுத்துவது முத்திரையில் உள்ள தேதி ஒன்றுதான். கவுன்டரைவிட்டு நகர்வதற்கு முன்னால் நாலு பாஸ்போர்ட்டையும் வாங்கி அந்தத் தேதியைப் பாருங்கள். ஒன்றில் மட்டும் தேதி மாறி இருந்தால் அங்கேயே கேட்டுவிடுங்கள், வெளியே போன பிறகு கேட்டால் அலைச்சல். அதை உடனே போனில் ஒரு போட்டோவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.

நாள் எண்ணுவதில்தான் நம்மவர்கள் நிறையப் பேர் தடுக்கி விழுகிறார்கள். இறங்கிய நாளே முதல் நாள். ஜூலை 1 காலையில் இறங்கினால், 60 நாள் கணக்கில் கடைசி நாள் ஆகஸ்ட் 29. "ரெண்டு மாசம்தானே" என்று ஆகஸ்ட் 31க்கு டிக்கெட் போட்டவர் இரண்டு நாள் அதிகம் தங்கியவராகிறார். நள்ளிரவைத் தாண்டிக் கிளம்பும் விமானம் என்றால் இன்னும் கவனம் வேண்டும். டிக்கெட்டில் 30ஆம் தேதி 00.40 என்று இருந்தால், நீங்கள் 29ஆம் தேதி இரவே ஏர்போர்ட்டுக்குள் போய்விட வேண்டும். இதைக் குழப்பிக்கொண்டு விமானத்தையே விட்டவர்கள் உண்டு. தாய்லாந்து நேரம் நம்மைவிட ஒன்றரை மணி நேரம் முன்னால் ஓடுகிறது என்பதும் நினைவில் இருக்கட்டும். கடைசி நாளுக்கு ஒரு நாள், முடிந்தால் இரண்டு நாள் முன்பே கிளம்புகிற மாதிரி டிக்கெட் போடுங்கள். எட்டு நாளில் திரும்பும் உங்களுக்கு இந்தக் கவலை இல்லை, ஆனால் இதைப் படிக்கும் மற்றவர்களுக்கு இருக்கும்.

விசா வேண்டாம் என்றால் கேள்வியும் வேண்டாம் என்று அர்த்தமில்லை. விசா எடுத்துப் போனால் உங்கள் காகிதங்களை இங்கேயே ஒருவர் பார்த்திருப்பார். விசா இல்லாமல் போகும்போது அந்த வேலை முழுக்க கவுன்டரில் நடக்கிறது, அதுவும் இரண்டு மூன்று நிமிஷத்தில். தாய்லாந்தின் 1979ஆம் ஆண்டுக் குடிவரவுச் சட்டத்தில் 12ஆம் பிரிவு என்று ஒன்று இருக்கிறது. செலவுக்கு வழியில்லாதவர், கூலி வேலைக்காக வருகிறவர் என்று தோன்றினால் அதிகாரி திருப்பி அனுப்பலாம். ஆகையால் ரிட்டர்ன் டிக்கெட், ஹோட்டல் புக்கிங், கையில் செலவுக்குப் பணம் மூன்றும் காட்டுகிற மாதிரி இருக்க வேண்டும். ஆளுக்கு 20,000 பாட் அளவுக்குப் பணம் வைத்திருப்பது பாதுகாப்பு. கார்டு மட்டும் போதும் என்று இருக்காதீர்கள், கொஞ்சமாவது நோட்டாக எடுத்துப் போங்கள். பாஸ்போர்ட்டுக்குக் குறைந்தது ஆறு மாதம் ஆயுள் பாக்கி இருக்கட்டும். குழந்தை பாஸ்போர்ட் சீக்கிரம் முடிந்துவிடும், அதைத் தனியாகப் பாருங்கள்.

டம்மி டிக்கெட் என்று ஒன்று நம் பக்கம் சில கடைகளில் ஓடுகிறது. ரிட்டர்ன் டிக்கெட் போல ஒரு தாள் அடித்துத் தருவார்கள், பணம் கட்டாத புக்கிங். அதை வாங்கவே வாங்காதீர்கள். புக்கிங் எண்ணைக் கம்ப்யூட்டரில் தட்டினால் தெரிந்துவிடும். தெரிந்த பிறகு நீங்கள் சொல்லும் உண்மையையும் யாரும் நம்ப மாட்டார்கள்.

2025 மே 1 முதல் டிஜிட்டல் வருகை அட்டை கட்டாயம். வந்து இறங்குவதற்கு முந்தைய மூன்று நாளுக்குள் ஆன்லைனில் நிரப்ப வேண்டும், குழந்தைக்கும் தனியாக. அதற்கு ஒரு பைசா கட்டணம் கிடையாது. பணம் கேட்கும் தளம் எதுவானாலும் அது இடைத்தரகர் தளம். தாய்லாந்து அரசுத் தளத்தின் முகவரி 'கோ டாட் டி.எச்.' என்று முடியும், அதைப் பார்த்து நிரப்புங்கள். ஏஜென்ட் நிரப்பித் தந்தால் கூலி கேட்பது அவர் உழைப்புக்கு. அரசுக் கட்டணம் என்று சொல்லிக் கேட்டால் கொடுக்காதீர்கள்.

இனி நீட்டிப்பு. தாய்லாந்தில் இருக்கும்போதே, அனுமதித் தேதி முடிவதற்கு முன்னால், இமிகிரேஷன் அலுவலகத்துக்கு நேரில் போய் விண்ணப்பிக்க வேண்டும். பாங்காக்கில் அது சேங் வத்தனா அரசு வளாகத்தில் இருக்கிறது, பட்டாயாவில் இருப்பவர்களுக்கு ஜோம்தியனில். டி.எம்.7 என்ற படிவம், ஒரு போட்டோ, பாஸ்போர்ட் நகல்கள், 1,900 பாட் கட்டணம். நம் பணத்தில் ஏறக்குறைய ஐயாயிரம் ரூபாய். விண்ணப்பத்தை நிராகரித்தாலும் அந்தப் பணம் திரும்பாது. அங்கீகரித்தால் வழக்கமாக 30 நாள் வரை கிடைக்கும். அந்த 30 நாள் நீங்கள் விண்ணப்பித்த தேதியிலிருந்து ஓடாது, பழைய தேதி முடிந்த மறுநாளிலிருந்து ஓடும். அதனால் ஒரு வாரம் முன்பே போனால் நாள் நஷ்டமாகும் என்ற பயம் வேண்டாம். கடைசி நாள் வரை இழுத்து, அன்றைக்கு அரசு விடுமுறை என்று தெரிந்து கதவு முன்னால் நிற்பதுதான் நஷ்டம்.

இங்கே ஒரு சின்னக் காகிதம் பலரை அலைக்கழிக்கிறது. வெளிநாட்டுக்காரரைத் தங்கவைக்கும் வீட்டுக்காரரோ ஹோட்டலோ 24 மணி நேரத்துக்குள் இமிகிரேஷனுக்குத் தெரிவிக்க வேண்டும்; டி.எம்.30 என்பார்கள். ஹோட்டல்கள் தாமாகவே செய்துவிடும். தெரிந்தவர் வீட்டிலோ, ஆன்லைனில் பிடித்த அபார்ட்மென்ட்டிலோ தங்கினால் அது நடக்காமல் போக வாய்ப்பு அதிகம். நீட்டிப்புக்குப் போகும்போது கவுன்டரில் முதலில் அந்த ரசீதைத்தான் கேட்பார்கள். தங்கிய முதல் நாளே வீட்டுக்காரரிடம் கேட்டு வாங்கிவிடுங்கள்.

நீட்டிப்பு உரிமை கிடையாது, அதிகாரி மனம் வைத்துத் தருவது. ஏன் தங்க வேண்டும் என்று கேட்டால் நேரடியாக, சுருக்கமாக உண்மையைச் சொல்ல வேண்டும். இரண்டாவது முறை போய்க் கேட்டால் பெரும்பாலும் ஏழு நாள்தான், அதாவது மூட்டை கட்டுவதற்கான அவகாசம். இன்னொன்று, நீட்டிப்பு வாங்கிய பிறகு ஒரு நாள் லாவோஸ் பார்த்துவிட்டு வரலாம் என்று நாட்டைவிட்டு வெளியே கால் வைத்தால் பாக்கி நாள் அத்தனையும் போய்விடும். திரும்பி வர மறுநுழைவு அனுமதி என்று முன்கூட்டியே தனியாக வாங்கியிருக்க வேண்டும். ஒரு முறைக்கு 1,000 பாட்.

உடம்பு சரியில்லாமல் ஆஸ்பத்திரியில் படுத்துவிட்டால் என்ன செய்வது என்று வயதானவர்களோடு போகிறவர்கள் கேட்பார்கள். ஆஸ்பத்திரிக் கடிதத்தோடு தேதி முடிவதற்கு முன்பே இமிகிரேஷனைத் தொடர்பு கொள்ள வேண்டும். விமானம் ரத்தானால் விமான நிறுவனத்திடம் எழுத்தில் ஒரு கடிதம் வாங்கிக்கொண்டு அதே மாதிரி போக வேண்டும். முன்பே போனவரை ஒரு மாதிரி நடத்துவார்கள், தேதி முடிந்து போனவரை வேறு மாதிரி நடத்துவார்கள்.

பார்டர் தாண்டித் திரும்புவது பற்றி ஏஜென்ட் சொன்னது பழைய காலத்துப் பேச்சு. தரை வழியாக விசா இல்லாமல் நுழைவது ஒரு காலண்டர் வருஷத்துக்கு இரண்டு தடவைதான். விமானத்தில் வந்தால் அந்த எண்ணிக்கைக் கட்டுப்பாடு இல்லை என்று சிலர் சமாதானம் சொல்வார்கள். ஆனால் 2025 நவம்பரில் தாய்லாந்து இமிகிரேஷன் வெளிப்படையாகவே அறிவித்தது: தகுந்த காரணம் இல்லாமல் இப்படி வெளியே போய் வெளியே போய்த் திரும்புகிறவர்களை, இரண்டு தடவைக்கு மேல் என்றால், திருப்பி அனுப்புவோம் என்று. பாஸ்போர்ட்டைப் புரட்டும்போது பக்கத்துக்குப் பக்கம் தாய்லாந்து முத்திரையாக இருந்தால், வந்தவர் சுற்றிப் பார்க்கிறவர் இல்லை என்று அதிகாரிக்குப் புரிந்துவிடும்.

இதை நம் பகுதிக்காரர்கள் தனியாகக் கவனிக்க வேண்டும். பர்மாவிலிருந்து 1960களில் திரும்பி வந்த குடும்பங்களால் உண்டான பர்மா பஜார், அதைச் சுற்றி மண்ணடி, இங்கெல்லாம் குருவியாக, அதாவது அடுத்தவர் சரக்கைச் சுமந்து வெளிநாடு போய் வந்து குடும்பத்தைத் தூக்கி நிறுத்தியவர்கள் எத்தனையோ பேர். அவர்கள் உழைப்பை நான் குறைத்துப் பேச மாட்டேன். ஆனால் மாதம் இரண்டு தடவை பாங்காக் போய், மறுநாளே மூட்டையோடு திரும்புவதைச் சுற்றுலா என்று எந்த அதிகாரியும் ஏற்க மாட்டார். இதில் மாட்டுவது பெரும்பாலும் முதலாளி இல்லை, டிக்கெட்டும் படிக்காசும் வாங்கிக்கொண்டு போன பையன்தான். திருப்பி அனுப்பிய முத்திரை அவன் பாஸ்போர்ட்டில்தான் விழும். நாளைக்கு அவன் நியாயமான வேலைக்கு சிங்கப்பூர் விசா கேட்கும்போதும் அந்தப் பக்கம் கூடவே போகும். "ஒரு தடவை போயிட்டு வா, செலவு நம்மளது" என்று யாராவது சொன்னால் வீட்டில் பெரியவர்கள் தலையிட்டுத் தடுங்கள்.

தேதி தாண்டித் தங்கினால் நாளுக்கு 500 பாட் அபராதம், அதிகபட்சம் 20,000 பாட். நாற்பது நாளில் அந்த உச்சத்தைத் தொட்டுவிடும். "அதுக்கு மேல ஏறாதில்ல, ஆறு மாசம் கழிச்சு கட்டிட்டு வந்துடலாம்" என்று கணக்குப் போடுகிறவர்களுக்கு அடுத்த பாதி தெரியாது. 90 நாளுக்கு மேல் தாண்டியிருந்தால், தானாக வந்து ஏர்போர்ட்டில் ஆஜரானாலும் ஒரு வருஷம் நாட்டுக்குள் வர முடியாது. ஒரு வருஷத்தைத் தாண்டினால் மூன்று வருஷத் தடை, மூன்றைத் தாண்டினால் ஐந்து, ஐந்தைத் தாண்டினால் பத்து. அதே ஆள் தானாக ஆஜராகாமல் வழியில் போலீஸ் சோதனையில் சிக்கினால் கணக்கே வேறு. தாண்டியது ஒரு வருஷத்துக்குள் என்றால்கூட ஐந்து வருஷத் தடை, அதற்கு மேல் என்றால் பத்து. அபராதம், கோர்ட்டு, பாங்காக் சுவான் ப்ளூவில் இருக்கும் குடிவரவுத் தடுப்பு மையம் எல்லாம் அதற்கு நடுவில் வரும். ஒருவேளை யாராவது தேதி தாண்டிவிட்டால், ஒளிந்துகொண்டு இருக்காமல் உடனே டிக்கெட் எடுத்து ஏர்போர்ட்டில் அபராதத்தைக் கட்டிவிட்டு வருவதுதான் நல்லது. ஒவ்வொரு நாளும் தள்ளிப்போடுவது போலீஸ் கையில் சிக்கும் வாய்ப்பைக் கூட்டுகிறது.

தாய்லாந்தில் இப்படி என்பதால் எல்லா நாட்டிலும் இப்படித்தான் என்று எடுத்துக்கொள்ளாதீர்கள். மலேசியா 2023 டிசம்பர் 1 முதல் இந்தியர்களுக்கு 30 நாள் விசா இல்லாமல் அனுமதிக்கிறது. 2026 டிசம்பர் 31 வரை அந்தச் சலுகையை நீட்டித்திருக்கிறார்கள். அங்கேயும் ஆன்லைன் வருகை அட்டை உண்டு, அதுவும் இலவசம். ஆனால் தாய்லாந்து போல அலுவலகத்துக்குப் போய்ப் பணம் கட்டி 30 நாள் கூட்டிக்கொள்ளும் பழக்கத்தை அங்கே எதிர்பார்க்காதீர்கள். ஆஸ்பத்திரி, விமானம் ரத்து போன்ற அவசரத்துக்கு மட்டும் சிறப்பு அனுமதி. நம் பக்கத்துப் பையன்கள் கோலாலம்பூர் ஏர்போர்ட்டிலேயே 'நாட் டு லேண்ட்', அதாவது உள்ளே விட முடியாது என்று நிறுத்தப்பட்டு அடுத்த விமானத்தில் திரும்பி வருவது அடிக்கடி நடக்கிறது. காரணம் பெரும்பாலும் ஒன்றுதான்: சொந்தக்காரர் வீட்டில் தங்குகிறேன் என்பார்கள், அந்த வீட்டின் முகவரி தெரியாது, கையில் பணம் இருக்காது. அங்கே தேதி தாண்டித் தங்கினால் சிறை வரை போகும் குற்றம்.

பிலிப்பைன்ஸ் 2025 ஜூனிலிருந்து 14 நாள் தருகிறது, அதை நீட்டிக்கவே முடியாது. பாலிக்குப் போகிறவர்கள் 5 லட்சம் ரூபியா கட்டி வருகை விசா வாங்க வேண்டும். ஒரு தடவை 30 நாள் நீட்டிக்கலாம், தேதி தாண்டினால் நாளுக்கு 10 லட்சம் ரூபியா. இலங்கைக்குக் கட்டணம் தள்ளுபடி என்று கேள்விப்பட்டு ஒன்றும் செய்யாமல் கிளம்பாதீர்கள். கட்டணம் இருந்தாலும் இல்லாவிட்டாலும் ஈ.டி.ஏ. என்ற ஆன்லைன் அனுமதி எடுத்தாக வேண்டும். ஈரானும் 2024 பிப்ரவரியில் நமக்கு விசா விலக்கு தந்தது. வேலை வாங்கித் தருகிறோம் என்று ஆட்களை அந்த வழியாகக் கூட்டிப்போய் ஆள்கடத்தல் நடந்ததால், 2025 நவம்பர் 22 முதல் சாதாரண பாஸ்போர்ட்டுக்கு அந்தச் சலுகையையே நிறுத்திவிட்டார்கள்.

மலேசியாவிலிருந்து பெரியம்மா மகன் வருவதைப் பற்றிக் கேட்டீர்கள். அவர் நம் நாட்டுக்கு விசா இல்லாமல் வர முடியாது, இ-விசாவோ வழக்கமான விசாவோ எடுக்க வேண்டும். 30 நாள் இ-டூரிஸ்ட் விசா என்றால் அதை இங்கே நீட்டிக்க முடியாது, டிக்கெட்டை அதற்குள் போடச் சொல்லுங்கள். உங்கள் வீட்டில் அவர் தங்கினால் 24 மணி நேரத்துக்குள், வெளிநாட்டுக்காரர் தங்குவதைத் தெரிவிக்கும் படிவத்தை (முன்பு படிவம் சி என்பார்கள்) ஆன்லைனில் நீங்கள் பதிய வேண்டும். ஹோட்டலுக்கு மட்டும்தான் அது என்று நிறையப் பேர் நினைக்கிறார்கள், வீடுகளுக்கும் பொருந்தும். சிக்கல் ஏதாவது வந்தால் வெளிநாட்டவர் பதிவு அலுவலகம் நுங்கம்பாக்கம் ஹாடோஸ் ரோடு சாஸ்திரி பவனில் இருக்கிறது.

இப்போது உங்கள் கொழுந்தன். அக்கா, இந்தப் பதிலை நான் இவ்வளவு நீளமாக எழுதுவதே அவருக்காகத்தான்.

விசா விலக்கில் போகிறவர் சுற்றிப் பார்க்கலாம், சொந்தக்காரரைப் பார்க்கலாம். வேலை செய்யக் கூடாது. சம்பளம் இல்லாமல் "சும்மா கத்துக்கிறேன்" என்று கடையில் நின்றாலும் வம்புதான். வேலை அனுமதி இல்லாமல் பிடிபட்டால் 5,000 முதல் 50,000 பாட் வரை அபராதம், பிறகு நாடு கடத்தல். வெளிநாட்டவருக்கே தடை என்று ஒதுக்கிய வேலைகளும் தாய்லாந்தில் இருக்கின்றன: கடையில் நின்று விற்பது, முடி வெட்டுவது, டூரிஸ்ட் கைடு வேலை எல்லாம் அதில் சேரும். "துணிக்கடையில சேல்ஸ்மேன், சாப்பாடு தங்குமிடம் இலவசம்" என்று யாராவது சொன்னால், அந்த வேலைக்கு அனுமதியே கிடைக்காது என்று தெரிந்துகொள்ளுங்கள்.

முறையான வழி இருக்கிறது. அங்கே பதிவான கம்பெனி ஒன்று அவருக்கு வேலை கொடுக்க வேண்டும், அதற்கான காகிதங்களைத் தர வேண்டும். அதை வைத்து இங்கிருந்தே நான்-இமிகிரன்ட் பி என்ற வேலைக்கான விசா எடுத்து, அங்கே போய் வேலை அனுமதி அட்டை வாங்க வேண்டும். "முதல்ல டூரிஸ்டா வந்துடு, அங்க மாத்திக்கலாம்" என்பார்கள். மாற்றிக்கொள்ளச் சட்டத்தில் வழி உண்டுதான், ஆனால் அதையும் கம்பெனிதான் முழுக் காகிதத்தோடு செய்ய வேண்டும். காகிதம் இருக்கிற கம்பெனி அதை இங்கேயே காட்டலாமே, ஏன் அங்கே வரச் சொல்கிறது என்று கேளுங்கள்.

நான் பயப்படுவது அபராதத்துக்காக இல்லை. 'டேட்டா என்ட்ரி', 'டிஜிட்டல் மார்க்கெட்டிங்', 'கஸ்டமர் கேர்' என்று சொல்லி பாங்காக் ஏர்போர்ட்டில் இறக்குவார்கள். அங்கே ஒரு கார் காத்திருக்கும். சுமார் 500 கிலோமீட்டர் வடமேற்கே மே சோட் என்ற எல்லை ஊர் வரை ஓட்டிப் போவார்கள். அங்கே மோய் ஆறு. அதைத் தாண்டினால் மியான்மரின் மியாவடி. உள்ளே வேலை என்றால் போனிலும் கம்ப்யூட்டரிலும் உட்கார்ந்து ஊர் உலகத்தை ஏமாற்றுவது. மறுத்தால் அடி, பாஸ்போர்ட் பறிமுதல். 2022 செப்டம்பரிலேயே நம் வெளியுறவுத் துறை இதைப் பற்றி எச்சரிக்கை வெளியிட்டது. அந்த அக்டோபரில் மீட்கப்பட்டு வந்தவர்களில் தமிழ்ப் பையன்களும் இருந்தார்கள். 2025 மார்ச்சில் விமானப்படை விமானங்களை அனுப்பி 549 பேரை மே சோட்டிலிருந்து கூட்டி வந்தார்கள். தாய்லாந்திலிருந்து வெளியேறிய முத்திரை இல்லாமல், மியான்மர் விசா இல்லாமல் ஆற்றைக் கடத்திவிடப்பட்டவர்கள் இரண்டு நாட்டிலும் சட்டப்படி குற்றவாளிகள் ஆகிறார்கள். மீட்பு நாள் கணக்கில் இழுப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

இந்தக் கும்பல்களுக்கு விசா விலக்கு பெரிய வசதி. முன்பு ஆளை அனுப்ப ஒரு விசா விண்ணப்பமாவது தேவைப்பட்டது, இப்போது ஒரு டிக்கெட் போதும். வேலை இல்லாமல் வீட்டில் உட்கார்ந்திருக்கும், படித்த, கம்ப்யூட்டர் தெரிந்த பையன்களைத்தான் தேடுகிறார்கள். நம் வடசென்னையில் அப்படிப்பட்ட பையன்கள் தெருவுக்குப் பத்துப் பேர் இருக்கிறார்கள். காசிமேட்டிலும் வியாசர்பாடியிலும் எண்ணூரிலும் எந்த அம்மாவிடம் கேட்டாலும், மகனுக்கு ஒரு வெளிநாட்டு வேலை அமையாதா என்ற ஏக்கம் இருக்கும். அந்த ஏக்கத்தைத்தான் ஏஜென்ட்கள் விலை பேசுகிறார்கள்.

ஆகவே அவருக்கு நான் சொல்வது: இந்தத் தடவை உங்களோடு போய், உங்களோடே ரிட்டர்ன் டிக்கெட்டில் திரும்பட்டும். வேலைக்குப் போக நினைத்தால், அனுப்புகிற ஏஜென்ட்டின் லைசென்ஸ் எண்ணை வாங்கி, மத்திய அரசின் இ-மைக்ரேட் தளத்தில் அது உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள். பதிவான ஏஜென்ட் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் அதற்கான ஜி.எஸ்.டி.யும் வாங்கலாம், அதற்கு மேல் கேட்பது விதிமீறல். பாஸ்போர்ட்டில் 'எமிக்ரேஷன் செக் ரிக்வயர்டு' என்று அச்சாகியிருக்கிறதா என்றும் பாருங்கள். ஐ.டி.ஐ.க்கு முன் பத்தாவது தேறியிருந்தால் அது இருக்க வேண்டியதில்லை. அப்படி அச்சாகியிருந்தால், தாய்லாந்தும் மலேசியாவும் வேலைக்குப் போவதற்கு முன் குடியகல்வு அனுமதி வாங்க வேண்டிய 18 நாடுகளின் பட்டியலில் இருக்கின்றன. சந்தேகம் இருந்தால் சென்னையில் இருக்கும் குடிபெயர்வோர் பாதுகாவலர் அலுவலகத்திலும், தமிழக அரசின் அயலகத் தமிழர் நலத்துறையிலும் நேரில் போய்க் கேட்கலாம். கேட்பதற்குக் காசு கிடையாது.

வேலை என்று நம்பி ஏற்கெனவே போய்விட்டவர் யாராவது உங்களுக்குத் தெரிந்திருந்தால், அவர் இன்னும் பாங்காக்கில் இருக்கும்போதே இந்தியத் தூதரகத்துக்குப் போகச் சொல்லுங்கள். இங்கே இருக்கும் குடும்பம் வெளியுறவுத் துறையின் 'மதத்' (MADAD) என்ற ஆன்லைன் புகார்த் தளத்தில் புகார் பதியலாம். பாஸ்போர்ட் நகல், போன டிக்கெட், ஏஜென்ட்டோடு பேசிய வாட்ஸ்அப், பணம் அனுப்பிய ரசீது எதையும் அழிக்காதீர்கள். அவர் கடைசியாக லொகேஷன் அனுப்பியிருந்தால் அதையும் சேர்த்துக் கொடுங்கள்.